அணிவகுப்பு மேடையிலிருந்து அலமாரி வரை

காலை மணி ஏழரை. கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் இலகு ரயில் நிலையத்தில் மக்கள் கூட்டம் அலைமோதுகிறது. பூப்போட்ட பாஜு கூரோங் அணிந்த பெண் ஒருவர் படிக்கட்டில் விரைந்து ஏறுகிறார். அகன்ற காற்சட்டையும் தொளதொளப்பான சட்டையும் அணிந்த இளைஞர் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறார். கோட்டு அணிந்த அலுவலர் ஒருவரின் கால்களில் வெள்ளை நிற விளையாட்டுக் காலணிகள். பருத்திச் சேலை கட்டிய ஆசிரியை ஒருவர் கூட்டத்தில் சிக்காமல் முந்தானையைக் கையில் பிடித்துக்கொள்கிறார். ஆடைகளை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு இந்நிலையம் நாள்தோறும் நடக்கும் இலவசக் கண்காட்சி. நானும் அப்படிப் பார்ப்பவர்களுள் ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலையத்தில் இளைஞர்களின் காற்சட்டைகள் காலோடு ஒட்டியிருந்தன. இன்று அவை அகன்றுவிட்டன. இதை யார் முடிவு செய்தார்கள்? ஒரு பாணி எங்கே பிறக்கிறது? நம் அலமாரிக்கு அது எப்படி வந்து சேர்கிறது? அதற்கு உண்மையில் யார் விலை கொடுக்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

புதிய ஆடைகளை உயிருள்ள மனிதர்களுக்கு அணிவித்துக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் சார்ல்ஸ் ஃபிரடெரிக் வொர்த். இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பு, செல்வர் வீட்டுப் பெண்கள் தாங்கள் விரும்பும் வடிவத்தைக் கூற, தையற்காரர் அதன்படி தைத்துக் கொடுப்பார். வொர்த் இம்முறையை மாற்றினார். வடிவங்களைத் தாமே உருவாக்கி, பெண்களுக்கு அணிவித்துக் காட்டி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஆடை வடிவமைப்பாளர் என்ற தொழில் இவ்வாறு வலுப்பெற்றது.

இன்று நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களில் நடைபெறும் ஆடை அலங்கார வாரங்களே உலகின் கவனத்தை அதிகம் ஈர்க்கின்றன. ஆண்டுக்கு இரு முறை, இதே வரிசையில், ஒரு நகரைத் தொடர்ந்து மற்றொரு நகரில் பெண்களுக்கான ஆடை அணிவகுப்புகள் நடக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையுதிர்காலத்திற்கும் குளிர்காலத்திற்கும் உரிய ஆடைகள் மேடையேறும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அடுத்த ஆண்டின் வசந்தகால, கோடைகால ஆடைகளைக் காட்டுவார்கள். அதாவது, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்னதாகவே ஆடைகள் காட்சிக்கு வந்துவிடுகின்றன. கடைக்காரர்கள் முன்பதிவு செய்யவும், தொழிற்சாலைகள் தைத்து அனுப்பவும் இக்கால இடைவெளி தேவைப்படுகிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் நாட்டின் பேரங்காடிகளில் சில மாதங்கள் கம்பளி மேலாடைகள் தொங்குவதற்கும் இந்த நாள்காட்டியே ஒரு காரணம்.

மேடையில் தோன்றும் பாணிகள் வடிவமைப்பாளரின் கற்பனையில் மட்டும் பிறப்பதில்லை. காலத்தின் நிலைமையும் அவற்றை உருவாக்குகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் நடத்திய அணிவகுப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் துணிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. பங்கீட்டு முறையில்தான் மக்கள் துணி வாங்கினர். எனவே, பாவாடைகள் குட்டையாகவும் குறுகலாகவும் தைக்கப்பட்டன. போர் முடிந்த பின் டியோர், இடையை இறுக்கி, பல மீட்டர் துணியை மடித்துத் தைத்த நீண்ட பாவாடைகளை மேடையேற்றினார். நெருக்கடிக் காலம் முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியைப் பலர் அவற்றில் கண்டனர். துணி கிடைக்காமல் மக்கள் தவிக்கும் வேளையில் இத்தனை ஆடம்பரம் தேவையா என்று கண்டித்தவர்களும் இருந்தனர். ஆடையைப் பற்றிய அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

மேடைதான் எப்போதும் தெருவுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தெரு மேடைக்குக் கற்றுக்கொடுத்த கதைகளும் பல உண்டு. இன்று விலையுயர்ந்த ஆடையகங்களிலும் விற்கப்படும் ஜீன்ஸ், தொழிலாளர்களுக்காகத் தைக்கப்பட்ட காற்சட்டையாகும். வேலை செய்யும்போது பைகள் கிழிந்துவிடாமல் இருக்க, ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் அவற்றின் ஓரங்களில் செம்பு ஆணிகளைப் பொருத்தினார். அவரும் துணி வணிகரான லீவை ஸ்ட்ராஸும் இணைந்து 1873ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றனர். லண்டனில் 1955ஆம் ஆண்டு கடை திறந்த மேரி குவாண்ட், 1960களில் குட்டைப் பாவாடையைப் புகழ்பெறச் செய்தார். ஆனால், அதைத் தாம் கண்டுபிடிக்கவில்லை என்றும், தெருவில் நடமாடிய இளம்பெண்களே அதைக் கொண்டுவந்தார்கள் என்றும் அவரே கூறியிருக்கிறார்.

பரபரப்பான நகர வாழ்க்கையும் ஆடையை மாற்றுகிறது. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க் நகரில் பேருந்து, சுரங்க ரயில் ஊழியர்கள் பதினொரு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அலுவலகம் செல்லும் பெண்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியதாயிற்று. குதியுயர்ந்த காலணிகளைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலக உடையோடு விளையாட்டுக் காலணிகளை அணிந்து அவர்கள் நடந்தனர். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அப்பழக்கம் தொடர்ந்தது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் கோட்டுக்குக் கீழே வெள்ளைக் காலணி அணிந்திருந்த அந்த அலுவலரைப் பார்த்தபோது, எனக்கு நியூயார்க்கின் நடைபாதைகள் நினைவுக்கு வந்தன.

நம் ஊரிலும் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. வெளியே வியர்த்துக் கொட்டும். ரயிலுக்குள்ளும் அலுவலகத்திலும் குளிர்சாதனக் காற்று நடுங்க வைக்கும். ஆகவே, நகரவாசிகள் பலர் மெல்லிய மேலாடை ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் செல்வோர் மேலங்கியை முன்பின்னாகத் திருப்பி அணிவதை நாம் சாலைதோறும் காண்கிறோம். எதிர்க்காற்று நெஞ்சில் படாது. இறங்கியதும் எளிதில் கழற்றிவிடலாம். இந்தப் பாணியை எந்த வடிவமைப்பாளரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. உடலோடு ஒட்டாத பாஜு கூரோங்கும் காற்றோட்டமான பருத்திச் சேலையும் நம் வெப்பத்தை அறிந்த ஆடைகள். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்த கெபாயா, 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பினாங்கில் காலணி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜிம்மி சூ, லண்டனுக்குச் சென்று கற்று, இளவரசி டயானாவுக்கே காலணிகள் செய்து கொடுத்தார். நவநாகரிகம் மேல்நாட்டிலிருந்து மட்டுமே வரும் பொருளன்று என்பதற்கு இவை சான்றுகளாகும்.

முன்பெல்லாம் அணிவகுப்பில் கண்ட ஆடை சாதாரணக் கடைக்கு வந்து சேர மாதங்கள் பல ஆகும். இப்போது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஸ்பெயின் நாட்டில் 1975ஆம் ஆண்டு முதல் கடையைத் திறந்த ஸாரா நிறுவனம், சிறு எண்ணிக்கையில் தைத்து, விற்பதைப் பார்த்து மேலும் தைக்கும் முறையைப் பின்பற்றியது. வரைபடம் ஆடையாகிக் கடைக்கு வருவதற்குச் சில வாரங்களே போதுமானவையாயின. இதைத்தான் விரைவு நவநாகரிகம் என்கிறார்கள். பிறகு வந்த இணைய விற்பனை நிறுவனங்கள் அந்த வேகத்தை மேலும் கூட்டின. மேடையில் கண்டதைப் போன்ற சட்டையை இன்று ஒரு மாணவரும் தம் கைச்செலவுப் பணத்தில் வாங்க முடிகிறது. அழகாக உடுத்துவது செல்வர்களுக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறியிருப்பது மகிழ்ச்சிக்குரியதுதான்.

ஆயினும், அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் வேறொரு கணக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகிலுள்ள சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் மேலைநாட்டுக் கடைகளுக்காக உடைகள் தைக்கும் தொழிற்சாலைகள் இயங்கி வந்தன. முதல் நாளே சுவர்களில் விரிசல்கள் காணப்பட்டன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள். 1,134 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். குறித்த நாளுக்குள் தைத்து அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி எவ்வளவு கொடியது என்பதை அந்நிகழ்வு உலகிற்கு உணர்த்தியது. அதன் பின்னரே பல நிறுவனங்கள் தொழிற்சாலைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன.

தமிழ்நாட்டின் திருப்பூரும் உலகிற்கே பனியன் துணி ஆடைகளை அனுப்பும் நகரம். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அத்தொழில் சோறு போட்டது. ஆனால், சாயப்பட்டறைக் கழிவு கலந்ததால் நொய்யல் ஆறு பாழ்பட்டது. ஆற்று நீரை நம்பியிருந்த உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் தூய்மைப்படுத்தி, மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்றுக்கொண்ட பிறகே அவை இயங்க அனுமதிக்கப்பட்டன. ஒரு சட்டையின் நிறத்திற்குப் பின்னால் ஓர் ஆறும் அதை நம்பிய வயல்களும் உள்ளன என்பதை இந்நிகழ்வு நமக்குக் காட்டுகிறது. பருத்தியை விளைவிப்பது முதல் துணியாக்குவது வரை, ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தூக்கியெறியப்பட்ட ஆடைகளோ, தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

இவற்றையெல்லாம் அறிந்த பின், ஆடைகளை விரும்புவதே தவறா என்று நான் என்னையே கேட்டதுண்டு. ஒருமுறை தீபாவளிக்கு முன்பு, அணிவகுப்பு ஒன்றில் பார்த்ததைப் போன்ற ரவிக்கையை 29 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இரண்டாம் முறை துவைத்தபோது தையல் பிரிந்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைக்கத் துணியே விடலையேம்மா, எதைப் பிடிச்சுத் தைக்கிறது?" என்றார். தையலுக்கு உள்ளே விட வேண்டிய ஓரத் துணியைக்கூட மிச்சம் பிடித்திருந்தார்கள். அம்மாவின் பழைய ரவிக்கைகளிலோ இரு விரல் அகலத்திற்குத் துணி மடித்து விடப்பட்டிருக்கும். உடம்பு பெருத்தால் பிரித்துத் தைக்கலாம், தங்கைக்கும் கொடுக்கலாம்.

அன்று முதல் நான் ஒரு கணக்குப் போடுகிறேன். விலையை, அந்த ஆடையை எத்தனை முறை அணிவேன் என்ற எண்ணால் வகுத்துப் பார்ப்பேன். 29 ரிங்கிட் ரவிக்கையை இரண்டு முறைதான் அணிந்தேன். ஒரு முறைக்கு 14 ரிங்கிட் 50 காசு செலவு. 90 ரிங்கிட்டுக்கு வாங்கிய காற்சட்டையை இதுவரை தொண்ணூறு முறைக்கு மேல் அணிந்துவிட்டேன். ஒரு முறைக்கு ஒரு ரிங்கிட்கூட ஆகவில்லை. இரண்டில் எது மலிவு என்பது இப்போது விளங்கும்.

பயனீட்டாளர்களாகிய நாம் செய்யக்கூடியவை இன்னும் உள்ளன. வாங்குவதற்கு முன் ஆடையின் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கலாம். எந்த நாட்டில் தைக்கப்பட்டது, எந்த இழையால் ஆனது என்பதை உள்ளே இருக்கும் சீட்டில் படிக்கலாம். பாலியஸ்டர் என்று எழுதியிருந்தால் அது பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்டது. துவைக்கும்போது நுண்ணிய நெகிழி இழைகளை நீரில் உதிர்க்கும். தோழியரோடு ஆடைகளை மாற்றிக்கொள்ளலாம். பண்டல் கடைகளில் தேடினால், பிறர் அணிந்தவற்றுள் நல்ல துணியும் தனித்தன்மையும் உள்ள ஆடைகள் கிடைக்கும். பழைய சேலையைப் பாவாடையாக மாற்றித் தர நம் தையற்கடைகள் இன்னும் இருக்கின்றன.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். நாம் உடுத்தும் விதம் நம்மைப் பற்றிப் பேசுகிறது என்பது உண்மையே. அந்தப் பேச்சில், துணியை நெய்தவரும் சாயமிட்டவரும் தைத்தவரும் இடம்பெற வேண்டும். பாரிஸ் மேடையில் அடுத்த பருவத்திற்கு எந்த நிறம் வரும் என்பதை நான் இன்றும் ஆவலோடுதான் பார்க்கிறேன். பார்த்துவிட்டு முதலில் கடைக்குச் செல்வதில்லை. என் அலமாரியைத் திறக்கிறேன். பெரும்பாலும் அந்த நிறம் அங்கேயே, அம்மாவின் பழைய சேலை மடிப்பில் இருக்கிறது.