14 வருஷம் நின்ன ஜீப்: முதல்ல ஓட வைக்கணுமா, நிக்க வைக்கணுமா?

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்தது. படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட்ல செகண்ட் ஹேண்ட் கார் பத்திப் பேசினப்போ, "எங்க மாமா வீட்ல ஒரு பழைய ஜீப் இருக்கு"ன்னு போற போக்குல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி அந்த ஜீப்பைப் பத்தித்தான். சரி, இன்னைக்கு முழுக்க அதுதான்.

வண்டி போடிநாயக்கனூர்ல நிக்குது. 1973ல பதிவான மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல். மாமா ஏலத்தோட்டத்துக்கு அதுலதான் போய் வந்தாரு. போடி பக்கம் போனவங்களுக்குத் தெரியும், தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திக்கிட்டு காலையில மலையேறுற ஜீப்புங்க. மாமாவோடது அதுல ரொம்ப மூத்த தலைமுறை. 14 வருஷமா ஷெட்டை விட்டு நகரல. மாமாவுக்கு இப்போ 76 வயசு. போன பொங்கலுக்குப் போனப்போ, "ஒரு தடவை அதுல போடிமெட்டுக்குப் போய்ட்டு வந்துடணும்டா மாப்ள"ன்னாரு. அவ்வளவுதான், அவர் பையனும் நானும் சட்டையைக் கழட்டிட்டு இறங்கிட்டோம்.

நாங்க பண்ண தப்பை முதல்ல சொல்லிடறேன். புது பேட்டரி வச்சோம், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினோம், பாட்டில்ல பெட்ரோல் கட்டித் தொங்கவிட்டோம். ரெண்டாவது நாள் சாயங்காலம் இன்ஜின் பிடிச்சிடுச்சு. அந்தச் சத்தம் கேட்ட சந்தோஷத்துல மச்சான் கியரைப் போட்டு வண்டியை வெளியே எடுத்துட்டான். வாசல் ரோட்டைப் பாத்து சரிவு. பிரேக்கை மிதிச்சான், பெடல் நேரா தரையைத் தொட்டுச்சு. ரெண்டாவது மிதி, அதுவும் காத்துதான். வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியல்ல திருப்பி விட்டதால ஒண்ணும் ஆகல. அந்த ரோட்டுல சாயங்காலம் ஸ்கூல் பசங்க சைக்கிள்ல போவாங்க. திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்த மாமா திட்டக்கூட இல்ல. "ரெண்டு பேரும் இன்ஜினியரிங் தானேடா படிச்சீங்க"ன்னு மட்டும் கேட்டாரு.

அடுத்த நாள் ஊர்ல பழைய ஜீப் வேலை பாக்குற ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்ல. நேரா வண்டிக்கு அடியில படுத்தாரு.

இந்த ஜீப்ல பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா ஏன்னு புரியும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதிச்சா, தரைக்கு அடியில சேஸிஸ்ல இருக்குற மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய் வழியா ஒவ்வொரு சக்கரத்துல இருக்குற வீல் சிலிண்டருக்கும் போய் லைனிங்கை டிரம்மோட ஒட்ட வைக்கும். நாலுக்கும் சேர்த்து ஒரே சுற்று. இப்போதைய கார்கள்ல சுற்று ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாதி பிரேக்காவது பிடிக்கும். இதுல எங்கேயாவது ஒரு இடத்துல கசிஞ்சா நாலு சக்கரமும் சேர்ந்து போச்சு.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம், காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கா நின்னா அந்த ஈரம் சிலிண்டருக்குள்ள துருவா மாறும், ரப்பர் வாஷர் இறுகிப் போகும். எங்க வண்டியில பின்னாடி ரெண்டு வீல் சிலிண்டரும் அப்படித்தான் ஒழுகிக் கிடந்துச்சு. (யாராவது "அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊத்திக்கலாம்"னு சொன்னா கேக்காதீங்க. ரப்பர் ஊதிப் பெருத்து மொத்த சிஸ்டமும் வீணாயிடும்.)

"ஹேண்ட் பிரேக் இருந்துச்சேண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. இந்த ஜீப்புங்கள்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னாடி, பின் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். எங்களோடதுல லைனிங் முழுக்க கியர் ஆயில்ல ஊறி வழுக்கிட்டு இருந்துச்சு. அது நல்லா இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வச்சுத் தூக்கினா, ஷாஃப்ட் நின்னாலும் நடுவுல இருக்குற டிஃப்ரன்ஷியல் ஒரு சக்கரத்தை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் சுத்த விடும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கோம்னு நம்பி டயர் கழட்டும்போதே வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கிடும். அதனால கட்டை வைக்காம ஜாக்கி போடவே கூடாது.

மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் மாத்தினதுக்கு அப்புறம்தான் அண்ணன் பானெட்டைத் திறந்தாரு.

சிஜே 3பியோட பானெட் ஏன் மத்த பழைய ஜீப்பை விட உயரமா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உள்ள இருக்குற 2.2 லிட்டர் ஹரிக்கேன் இன்ஜின்தான் காரணம். அதுல காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், புகை வெளியே போற வால்வு பக்கவாட்டில் பிளாக்கில் இருக்கும். இன்ஜின் உயரமாச்சு, பானெட்டும் உயர்ந்துச்சு. ரொம்ப நாள் நின்ன வண்டியில இந்தக் கீழ் வால்வு துருப்பிடிச்சு திறந்தபடியே நின்னுடலாம். அதனாலதான் வந்ததும் செல்ஃப் அடிக்கக் கூடாது. நாங்க அடிச்சோம், தப்பிச்சோம், அவ்வளவுதான்.

சரியான வழி இப்படி. பழைய ஆயிலை இறக்கிட்டு புதுசு ஊத்தணும். நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற விடணும். அப்புறம் நியூட்ரல்ல போட்டு, முன்னாடி கிராங்க் ஹேண்டில் சொருகி கையால மெதுவா சுத்திப் பாக்கணும். கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வச்சுப் பிடிங்க. ஹேண்டில் திருப்பி உதைச்சா விரல் போயிடும். தடங்கல் இல்லாம சுத்தினா, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் முள் ஏறுதான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் ஸ்பார்க். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயிண்ட் நின்னே கறுத்துப் போயிருக்கும். நைஸ் எமரி தாள்ல ஒரு தேய், இடைவெளி 0.5 மி.மீ. பாதி "செத்த" இன்ஜினுங்க இந்த ஒரு தேய்ப்புல உயிர் வந்துடுது.

பெட்ரோல்ல ஒரு புதுச் சிக்கல் இருக்கு. இப்போ பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. 1973ல போட்ட ரப்பருக்கு அது ஒத்துக்காது. பெட்ரோல் ஹோஸும், மெக்கானிக்குங்க ஏசி பம்ப்னு சொல்ற பம்புக்குள்ள இருக்குற டயாஃப்ரமும் சீக்கிரம் கெட்டு கசியும். சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும், அதனால டேங்கை நிரப்பிட்டு மாசக்கணக்கா நிறுத்தாதீங்க. நாங்க டேங்கைக் கழுவி, ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்குறதா மாத்திட்டோம்.

இப்போ வீட்ல நடந்த பெரிய சண்டைக்கு வர்றேன். மச்சானுக்கு இதுல ஒரு டீசல் இன்ஜின் இறக்கணும், பெரிய டயர் போடணும். "இந்தப் பழைய பெட்ரோல் மலை ஏறுமா?"ங்கிறது அவன் கேள்வி.

ஏறும். இந்த வண்டியில கியர் லீவர் பக்கத்துல இன்னும் ரெண்டு சின்ன லீவர் இருக்கு. ஒண்ணு முன் சக்கரங்களுக்கு இழுவையைச் சேர்க்கும். இன்னொண்ணு லோ ரேஞ்ச்: சக்கரத்துக்குப் போற முறுக்கு விசையை கிட்டத்தட்ட 2.46 மடங்கு கூட்டும், வேகத்தை அதே அளவு குறைக்கும். தோட்டத்துக்குள்ள சேத்துல ஆள் நடக்குற வேகத்துல ஏற இது போதும். ஆனா தார் ரோட்டுல இதைப் போடக் கூடாது. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் சுத்தும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃப்ரன்ஷியல் இல்ல. சேத்துல டயர் வழுக்கிச் சரியாயிடும். தார்ல வழுக்காது, ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கிட்டு உடையும்.

ஆக இந்த ஜீப்புக்கு ஏறுறதுல குறை இல்ல, இறங்குறதுலதான் குறை. பெரிய இன்ஜின் போட்டா வேகமும் எடையும் கூடும். அதைத் தாங்க வேண்டிய மூணு கியர் பாக்ஸ், ஆக்சில், டிரம் எல்லாம் பழசு. பெரிய டயர் போட்டா அதே பிரேக் இன்னும் குறைவாத்தான் பிடிக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

பேப்பர் விஷயமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்சியில இருக்குற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுக்கு மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த விண்டேஜ் பதிவு இருக்கேன்னு கேப்பீங்க. 20,000 ரூபாய் கட்டினா 'விஏ' நம்பர் கிடைக்கும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் மாத்தியிருக்கக் கூடாது. கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. மச்சான் சொல்ற இன்ஜினை இறக்கினா ரெண்டு கதவும் மூடிடும்.

கடைசியில போட்ட பட்டியல் இதுதான். முதல்ல ரெண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டர். அடுத்து சீட் பெல்ட், அதைத் தாங்குற அளவுக்கு தரையில இரும்புத் தகடு. அப்புறம் பாயிண்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய பாயிண்ட் செட் டேஷ்போர்டுல ஸ்பேரா கிடக்கும். முன்னாடி டிஸ்க் பிரேக் போடலாமான்னு ஆர்டிஓ ஆய்வாளர்கிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு. டயர் அதே பழைய 6.00-16 சைஸ். மச்சான் ஒரு வாரம் பேசல, அப்புறம் ஹெட்லைட்டுக்கு எல்இடி கேட்டான். அதுக்கு முதல்ல சார்ஜிங்கைப் பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்.

விண்டேஜ் வேணாம், பழைய ஆர்சியையே புதுப்பிக்கிறோம். அது காலாவதி ஆயிடுச்சு, அதனால தாமதக் கட்டணம், பசுமை வரி, ஆய்வு எல்லாம் உண்டு. ஆய்வு அடுத்த மாசம். அதுவரைக்கும் வண்டி வாசலைத் தாண்டாது. மாமா தினமும் சாயங்காலம் போய் டிரைவர் சீட்ல உக்காந்து பிரேக்கை மூணு தடவை மிதிச்சுப் பாத்துட்டு இறங்குறாரு.