ஒயர் போட்டும் நெட் மெதுவா? கடன் வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்!



நம் கூட்டமைப்பில் வீட்டிலேயே இ-சேவை மையம், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று தொழில் நடத்தும் உறுப்பினர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். மாதக் கூட்டத்தில் முன்பெல்லாம் கறவை மாடு, தையல் மிஷின் என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது "நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்ற புலம்பலும் சேர்ந்துகொண்டது. அதில் ஒரு சகோதரி சொன்னது மட்டும் வித்தியாசமாக இருந்தது. "செல்லுல வைஃபை பறக்குது. ஒயர் போட்ட கம்ப்யூட்டர்தான் நகர மாட்டேங்குது" என்றார். ஒயரில் வந்தால் வேகம், காற்றில் வந்தால் மெதுவு என்றுதானே நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம்!

அவர் ஏற்கெனவே 100 எம்பிபிஎஸ் திட்டத்தை விட்டு 200க்கு மாறியிருந்தார். மாதம் 300 ரூபாய் கூடுதல். அப்படி மாறச் சொன்னதே நாங்கள்தான் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். மாறியும் பலன் இல்லை. அடுத்ததாக, குழுவில் உள்கடன் எடுத்துப் புது வைஃபை செட் வாங்குவது என்று முடிவு செய்து விண்ணப்பமும் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை வாயால் யோசனை சொல்லாமல் நேரில் போய்ப் பார்த்தோம்.

முன் ஹாலில் நெட் கம்பெனிக்காரர்கள் மாட்டிய பொட்டி. அதன் பக்கத்தில் மெஷ் செட்டின் முதல் பொட்டி. வீட்டின் பின்னறையில்தான் இ-சேவை மையம். அங்கே பீரோவுக்குப் பின்னால் மெஷ்ஷின் இரண்டாவது பொட்டி. அதிலிருந்து ஒரு முழம் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

மெஷ் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே பொட்டியின் சிக்னல் வீடு முழுக்க எட்டாது என்பதால் இரண்டு, மூன்று பொட்டிகளை வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்திருப்பார்கள். முதல் பொட்டி கம்பெனி பொட்டியிலிருந்து ஒயர் வழியாக நெட் வாங்கும். இரண்டாவது பொட்டி எதிலிருந்து வாங்கும்? தனியாக ஒயர் போடாவிட்டால், முதல் பொட்டியிலிருந்து காற்றில்தான் வாங்கும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. நம் கம்ப்யூட்டருக்கு ஒயர் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த ஒயர் இரண்டாவது பொட்டியில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின தூரம் முழுவதும் நெட் இரண்டு சுவரையும் ஒரு இரும்பு பீரோவையும் தாண்டி வரவேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் சொட்டினால், வீட்டுக்குள் எவ்வளவு பெரிய பைப் போட்டாலும் குடம் நிறையுமா?

அப்படியானால் செல்போனில் மட்டும் எப்படிப் பறந்தது? அவர் செல்லில் பார்த்தது முன் ஹாலில், முதல் பொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து! பின்னறையில் பார்த்தால் செல்லும் அதே ஆமை வேகம்தான்.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியம். கம்பெனி பொட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக உள்ளே வரவேண்டும். டிவி, மற்ற செல்கள் எல்லாவற்றிலும் நெட்டை நிறுத்திவிட்டு, அவருடைய மகனின் லேப்டாப்பை நேரே கம்பெனி பொட்டியில் ஒயரில் சொருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டோம். 190 காட்டியது. ஆக, கம்பெனி மீது குறை இல்லை. முதல் மெஷ் பொட்டியில் சொருகினோம். அங்கும் 190. பின்னறைக்குப் போய் இரண்டாவது பொட்டியில் சொருகினால், வெறும் 11. திருடன் நடுவில் இருக்கிறான் என்று தெரிந்துபோயிற்று. பொட்டியை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வாசற்படி ஓரம் ஒரு ஸ்டூல் மேல் வைத்தோம். 60க்கு ஏறியது. ஒரு பைசா செலவில்லை! புது செட் வாங்கியிருந்தாலும் அதே பீரோவுக்குப் பின்னால்தானே வைத்திருப்பார்?

ஸ்டூல் நடைபாதையில் இடறுகிறது என்பதால், இரண்டு பொட்டிகளுக்கும் நடுவில் நேரடியாக ஒயரே போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, கேட் 5இ ஒயர் 20 மீட்டர் வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்தோம். இரண்டு முனைக்கும் அவரே க்ளிப் போட்டார். இப்போது கம்ப்யூட்டரில் 94. நாங்கள் கைதட்டாத குறை. அந்தச் சகோதரிதான் கேட்டார்: "இருநூறுக்குப் பணம் கட்டறேன், பாதிதானே வருது?"

நியாயமான கேள்வி. இந்த 94, 95 என்ற எண்ணே ஒரு அடையாளம் சகோதரிகளே. வீடுகளில் இருக்கும் சாதாரணக் கருவிகளின் ஒயர் இணைப்பு 10, 100, 1000 என்று படிப்படியாகத்தான் பேசும். 150, 200 என்று நடுப்படி கிடையாது. 100 என்ற படியில் நின்றுவிட்டால் ஸ்பீட் டெஸ்டில் 94 போலத்தான் வரும். நெட் ஒயருக்குள் 8 சின்னக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி 4 ஜோடி இருக்கும். 100க்கு இரண்டு ஜோடி போதும். 1000 வேண்டுமானால் நாலு ஜோடியும் சரியாக இருக்கவேண்டும். ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சிவப்பு விளக்கு எரியாது, எச்சரிக்கை வராது. நெட் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நாமும் விட்டுவிடுவோம்.

கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், அதில் ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீட்' என்று இருக்கும். அதில் 1000 என்றே இருந்தது. அப்படியானால் குறை அந்தச் சின்ன ஒயரில் இல்லை. புதிதாக இழுத்த நீள ஒயரின் முனையைப் பொட்டியிலிருந்து கழற்றி லேப்டாப்பில் சொருகிப் பார்த்தோம். 100! க்ளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்பு நிறக் கம்பி ஒன்று நுனி வரை எட்டவே இல்லை. வெட்டிவிட்டுப் புது க்ளிப் போட்டதும் 190 வந்துவிட்டது. ஒயர், க்ளிப் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான்.

சில வீடுகளில் ஒயர் நன்றாக இருந்தும் 94ஐத் தாண்டாது. விலை குறைந்த பொட்டிகளில் துவாரமே 100க்கு மேல் பேசாத வகையாக இருக்கும். அட்டைப்பெட்டியில் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் அது அந்த ரகம். 10/100/1000 அல்லது கிகாபிட் என்று இருக்கவேண்டும். ஒயர் வாங்கும்போதும் கம்பி நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. மடித்தால் சீக்கிரம் முறியும். முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் நெட் ஒயரைச் சேர்த்து விடக்கூடாது, ஆபத்து. கம்பெனி பொட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் ஒயரை மட்டும் மடக்கவோ கழற்றவோ வேண்டாம். அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்கக் கூடாது.

இதில் இன்னொரு விஷயம். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு ஏற்றும் ஃபைல்கள் சில நூறு கேபிதான். அந்த வேலைக்கு 200 எதற்கு? 2004இல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று மத்திய அரசு சொன்னது. 2023இல்தான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தினார்கள். டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12 எம்பி என்று காட்டினால் குறைவாக வருகிறது என்று பயப்படவும் வேண்டாம். 100 எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. கணக்கு சரிதான்.

அந்தச் சகோதரி 100 திட்டத்துக்கே திரும்பிவிட்டார். உள்கடன் விண்ணப்பத்தையும் குழுவிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். வரிசையில் அடுத்து இருந்தவருக்கு அந்தப் பணம் போயிற்று.

உங்கள் வீட்டில் லேப்டாப்பை நேரே கம்பெனி பொட்டியில் சொருகியும் மெதுவாக வந்தால், அப்போது அது கம்பெனியின் வேலை. முதலில், மாத டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை டெஸ்ட் எடுத்து, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். "வைஃபைல பாத்தீங்களா, ஒயர்ல பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஒயரில், உங்கள் பொட்டியிலேயே நேராகச் சொருகிப் பார்த்தோம்" என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.