சீட்டாட்டமும் ஊர்விலக்கும்: வெனிஸ் கெட்டோ, அன்றும் இன்றும்

1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட் போட்ட ஆணைப்படி, அந்நகரின் யூதர்கள் கன்னரெஜோ பகுதியில் கால்வாய் சூழ்ந்த ஒரு சிறு தீவுக்குள் குடியேற வேண்டியதாயிற்று. அதுதான் கெட்டோ. பொழுது சாய்ந்ததும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். காவலர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கான கூலி யூதர்கள் தலையில். பகலெல்லாம் ரியால்டோ சந்தையில் வியாபாரம் பேசிய மனிதர், இரவில் இடமில்லாமல் மேலே மேலே எழுப்பிய மாடிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார். அந்த நீண்ட இரவுகளில் சீட்டுக்கட்டு எளிதாகக் கைக்கு வந்தது.

1628-இல் யூத சமூகத் தலைவர்கள் குறுக்கிட்டார்கள். 6 ஆண்டுகளுக்குச் சூதாட்டமே கூடாது, மீறினால் ஊர்விலக்கு. வெறும் மதக் கண்டிப்பு என்று இதைப் பார்த்தால் பாதிதான் புரியும். அரசுக்குக் கட்டும் வரியும், நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் அடகுக் கடைகளை நடத்தும் செலவும் யூத சமூகத்தின் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் சீட்டில் முதலைத் தொலைத்தால் அவர் பங்கையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். அவருடைய பொழுதுபோக்கு எல்லார் வீட்டுக் கணக்கிலும் ஏறியது.

தடையை எதிர்த்து வாதாடி எழுதியவர் யூத மதகுருவான ரபி லியோன் மோதேனா. சிறு வயதிலேயே சூதாட்டம் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதிய அவர், வளர்ந்தபின் அதிலேயே சிக்கினார். பாடம் சொல்லிக்கொடுத்தார், பிரசங்கம் செய்தார், பிறருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார், திருமணம் பேசி முடித்தார். தன் வரலாற்றில் அவர் பட்டியலிட்ட தொழில்கள் 26. சம்பாதித்ததில் பெரும்பகுதி ஆட்டத்தில் போயிற்று. நிறுத்துவதாகச் சபதம் செய்வார், மறுபடியும் ஆடுவார். தலைவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: பலரால் கடைப்பிடிக்க முடியாத தடையைப் போட்டால் சூதாட்டம் குறையாது, தடையை மீறிய குற்றவாளிகள்தான் பெருகுவார்கள். சுயநலம் பேசினார் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது நோயை உள்ளிருந்து அறிந்தவரின் வாதமாகவே படுகிறது. தலைவர்களின் பயமும் நியாயமானதுதான்.

கெட்டோவின் பொழுதுகள் சூதோடு முடிந்துவிடவில்லை. அதே ஆண்டுகளில் மோதேனாவின் வழிகாட்டுதலில் அங்கே ஓர் இசைக் கழகம் இயங்கியது. கச்சேரி கேட்க வெளியிலிருந்து கிறிஸ்தவப் பிரபுக்களும் வந்தார்கள். 1630-இல் வந்த கொள்ளைநோய் அந்தக் கழகத்தைச் சிதைத்துவிட்டது. கெட்டோவுக்குள் தலைவர்கள் தடுத்த சூதாட்டத்துக்கு, 1638-இல் வெனிஸ் அரசே ரிதோத்தோ என்ற மாளிகையைத் திறந்தது.

1797-இல் நெப்போலியனின் படை வந்தபோது கெட்டோவின் கதவுகள் பெயர்த்தெறியப்பட்டன. 1943-44-இல் 200-க்கும் மேற்பட்ட வெனிஸ் யூதர்களை நாஜிகளும் இத்தாலியப் பாசிஸ்டுகளும் மரண முகாம்களுக்கு அனுப்பினார்கள். இன்று வெனிஸ் யூத சமூகத்தில் ஏறக்குறைய 450 பேர்தான். பெரும்பாலோர் கெட்டோவுக்கு வெளியே வசிக்கிறார்கள். அன்று இரவில் பூட்டிய சதுக்கத்தில் 2016-இல், கெட்டோ தோன்றிய 500-ஆம் ஆண்டையொட்டி, ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைத் திறந்தவெளியில் நடத்தினார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில், கிராண்ட் கால்வாய்க் கரையில் நகராட்சிக்குச் சொந்தமான கசினோ இருக்கிறது. யார் போகிறார், எவ்வளவு விடுகிறார் என்று கேட்கும் உரிமை எந்தச் சமூகத் தலைவருக்கும் இல்லை. இணையச் சூதாட்டத்துக்கு இத்தாலியில் தேசிய அளவில் ஒரு பதிவேடு உண்டு. தன்னால் நிறுத்த முடியவில்லை என்று உணர்பவர் அதில் பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அவருக்கு மூடப்படும். சபதத்தைக் காக்கத் தவித்த மோதேனாவுக்கு இப்படியொரு பிடிமானம் கிடைத்திருக்கவில்லை. ஆனால் பெயரை அவரவரே கொடுக்க வேண்டும்; பக்கத்து வீட்டாருக்கோ வியாபாரப் பங்காளிக்கோ அதில் வேலையில்லை.