கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க போறீங்களா? முதல்ல கேபினட்டை திறந்து பாருங்க!

திருப்பூர்:
தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், கேம் விளையாட மகன் கேட்கிறானே என்று கிராபிக்ஸ் கார்டு வாங்கினார் பனியன் கம்பெனி டைலர் ஒருவர். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை திறந்தால் கார்டு உள்ளேயே போகவில்லை. கேபினட் சின்னது, கார்டு பெரியது. திருப்பி கொண்டு போனால், சீல் உடைத்த பொருளுக்கு பணம் கிடையாது என்று கடையில் கைவிரித்து விட்டனர்.

இப்படி மாட்டிக்கொள்வது இவர் ஒருவர் மட்டும் அல்ல. 2020-ல் கொரோனா ஊரடங்கின் போது ஆன்லைன் வகுப்புக்காக பல வீடுகளில் வாங்கியது, ஆபீசில் கழித்துப்போட்ட செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்தான். பில் போடவும், கணக்கு பார்க்கவும் செய்த மிஷின் அது. இப்போது பிள்ளைகள் அதில் கேம், வீடியோ எடிட்டிங் என்று இறங்கியதும் திணறுகிறது. உடனே கார்டு வாங்க கிளம்பி விடுகிறார்கள். ஆனால் கடைக்கு போகும் முன்பு பார்க்க வேண்டியது சில இருக்கிறது.

கார்டு தேவையா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே 5 நிமிடம் ஆகிறதா? அதற்கு கார்டு மருந்து அல்ல. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே வேகம் தெரியும்.

கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் காட்டும் வேலையை பிராசசருக்குள் இருக்கும் சிப் பார்க்கிறது. அதற்கு சொந்த மெமரி கிடையாது, ரேமில் இருந்துதான் கடன் வாங்கும். எனவே ஒரே ரேம் ஸ்டிக் இருந்தால், அதே அளவில் இன்னொன்று சேர்த்து போடுங்கள். ஒற்றை வழி இரட்டை வழியாகும். 'வாலரண்ட்' போன்ற லேசான கேம்களுக்கு பல மிஷின்களில் இதுவே போதும்.

75 வாட் கணக்கு

அதுவும் போதவில்லை, கார்டு போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று இருக்கும். ஆபீஸ் மிஷின்களில் பெரும்பாலும் 250 வாட் பக்கம்தான்.

மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு 6 பின் அல்லது 8 பின் ஒயர் தனியாக வேண்டும். ஆபீஸ் மிஷின்கள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது. ஹார்டு டிஸ்க் ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டி சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த ஒயர் இவ்வளவு லோடு தாங்காது. உருகி, தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எந்த கார்டு?

தனி ஒயர் கேட்காத கார்டுகள் சில உண்டு. என்விடியாவின் ஜி.டி. 1030 (2017) 30 வாட், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. (2016) 75 வாட், ஜி.டி.எக்ஸ். 1650 (2019) 75 வாட். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 (2022) 53 வாட். 1050 டி.ஐ., 1650 இரண்டிலும் சில மாடல்களுக்கு 6 பின் ஒயர் உண்டு. கார்டை கையில் வாங்கி பார்த்து எடுக்க வேண்டும்.

இதில் 1030, 1050 டி.ஐ. இரண்டுக்கும் கேம் டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்து விட்டது. ஆர்.எக்ஸ். 6400 புதுசு என்றாலும் பழைய மதர்போர்டில் முழு வேகம் வராது. வீடியோ எடிட்டிங்குக்கு உதவும் என்கோடர் வசதியும் அதில் இல்லை. எனவே பழைய மிஷினுக்கு 1650-தான் தோது. அதிலும் குட்டை கேபினட்டுக்கு 'லோ புரொபைல்' மாடல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏமாற்றும் இடங்கள்

* ஜி.டி. 1030 ஒரே பெயரில் இரண்டு விதமாக வந்தது. டி.டி.ஆர். 4 மெமரி போட்டு வந்தது ரொம்ப மந்தம். பெட்டியில் ஜி.டி.டி.ஆர். 5 என்று இருக்கிறதா பாருங்கள்.

* "4 ஜி.பி. கார்டு" என்று சொன்னதும் மயங்க வேண்டாம். பழைய ஜி.டி. 730-லும் 4 ஜி.பி. உண்டு. குடோன் பெரிதாக இருந்து வாசல் குறுகலாக இருந்தால் சரக்கு எப்படி சீக்கிரம் வெளியே வரும்?

* பழைய கார்டின் உள் புரோகிராமை மாற்றி, 1050 டி.ஐ. என்று விற்கும் போலிகள் உண்டு. 'ஜி.பி.யு. இசட்' என்ற இலவச சாப்ட்வேரை கடையிலேயே போட்டு பாருங்கள். என்விடியா கார்டுகளில் பல போலிகளை அது காட்டிக்கொடுத்து விடும்.

* பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. ஒயர் மட்டும்தான் இருக்கிறதா? 1030, 1050 டி.ஐ., 1650, ஆர்.எக்ஸ். 6400 கார்டுகளில் பொதுவாக அந்த வசதி இல்லை. எச்.டி.எம்.ஐ. - வி.ஜி.ஏ. கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டும்.

* மாட்டிய பிறகு மானிட்டர் ஒயரை கார்டில் சொருக வேண்டும். பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே சொருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவோர் பலர்.

இன்ச் டேப் போதும்

கேபினட்டின் பக்க மூடியை கழற்றி, ஸ்லாட்டில் இருந்து எதிர் முனை வரை எத்தனை செ.மீ., உயரம் எத்தனை என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரை செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டையும் கடைக்காரரிடம் காட்டி, "இதுக்கு எது சேரும்? சேரலைன்னா மாத்தி தருவீங்களா?" என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

துணியை அளக்காமல் எந்த டைலரும் கத்தரிக்கோலை வைக்க மாட்டார். போனஸ் பணத்தை தொலைத்த டைலரின் கழுத்திலும் அன்றைக்கு இன்ச் டேப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.