ஊறுகாய் பாக்கெட்டும் மேப்பிள் இலையும்

கையில் காலி ஊறுகாய் பாக்கெட். வீட்டிலிருந்து கொண்டுபோனது. எதிரே நாற்பதுக்கும் மேற்பட்ட குப்பைப் பிரிவுகள். எதில் போடுவதென்று தெரியாமல் கால்மணி நேரமாக நிற்கிறேன்.

கமிகட்சு, ஜப்பானின் ஷிகோகு தீவில் மலைக்குள் இருக்கிற சிற்றூர். தொகுஷிமா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். 1950-ல் 6,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று 1,500 பேர்கூட இல்லை; அவர்களிலும் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இங்கே குப்பை வண்டி வராது. அவரவர் குப்பையைக் கழுவிக் காயவைத்து, அவரவரே நான் நிற்கும் இந்தக் குப்பை பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட வேண்டும். வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆள் போய் எடுத்து வருகிறார். சமையலறைக் கழிவு இந்தப் பக்கமே வராது, வீட்டிலேயே உரமாகிவிடும்.

நான் தங்கியது கூடத்தை ஒட்டிய நான்கு அறை விடுதியில். 2020-ல் திறந்த இந்தக் கட்டடம் மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவில் இருக்கும். ஊரார் கொடுத்த பழைய ஜன்னல்களே சுவராக நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் சோப்புக் கட்டியை நீட்டி, தேவையான அளவு வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பேராசையில் கொஞ்சம் தடிமனாகவே வெட்டினேன். கிளம்பும்போது நம் குப்பையை நாமே பிரிக்க வேண்டும். ஆகவே இந்த ஊறுகாய்ச் சிக்கல்.

தொட்டிகளைவிட அவற்றின் மேலுள்ள பலகைகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு எத்தனை யென், அது ஊருக்கு வரவா செலவா என்று எழுதியிருக்கிறது. குப்பைக்கு வரவு செலவுக் கணக்கு!

இந்த ஊர்க்காரர்கள் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1990-களின் பிற்பகுதி வரை திறந்த வெளியில் குழி வெட்டி எரித்தவர்கள்தான். பிறகு வாங்கிய இரண்டு சிறிய எரிஉலைகளை, டயாக்சின் நச்சுப் புகைக்கான சட்டம் இறுகியதும் சில ஆண்டுகளிலேயே மூட வேண்டியதாயிற்று. புதிய உலைக்குப் பணமில்லை. எரிக்க வழியில்லாததால் பிரித்தார்கள். 2003-ல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று ஜப்பானிலேயே முதலில் அறிவித்தது கமிகட்சு. இன்று சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. மிச்சம் டயப்பர், செருப்பு போன்றவற்றிடம் தோற்றுப்போன கணக்கு.

குப்பைப் பிரிப்பைப் போலவே, இந்த ஊரின் இலை வியாபாரமும் வேறு வழியில்லாமல் வந்ததுதான். 1981 பிப்ரவரிக் கடுங்குளிரில் ஊரின் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த இளைஞர் தொமோஜி யொகோயிஷி, ஒசாகா உணவகம் ஒன்றில், தட்டை அலங்கரித்திருந்த மேப்பிள் இலையைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெண்கள் பூரித்துப்போனதைக் கண்டார். மலை முழுக்க இலைதானே! ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது சிரித்தார்கள். இலை பொறுக்கிப் பிழைப்பதா என்ற கூச்சம் வேறு. 1986-ல் நான்கு பேரோடுதான் தொடங்கியது.

கண்ட இலையும் விலைபோகவில்லை. அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும், புள்ளி கூடாது, பருவத்துக்குச் சற்று முந்தியே வர வேண்டும். உயர்தர விருந்தில் இலை எப்படி உட்காருகிறது என்று அறிய யொகோயிஷி சொந்தக் காசில் சாப்பிட்டுத் திரிந்தார். பிறகு மரங்களையே நட்டு வளர்த்தார்கள். இன்று 300-க்கும் மேற்பட்ட வகைகள்; நல்ல ஆண்டுகளில் 20 கோடி யென்னுக்கு மேல் விற்பனையானது. பாட்டிமார் டேப்லெட்டில் ஆர்டரைப் பார்க்கிறார்கள். முந்திக்கொண்டு தொடுபவருக்கே ஆர்டர். விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதும் அதிலேயே தெரியும். எழுபது வயதில் போட்டி மனப்பான்மை குறையும் என்று யார் சொன்னது?

ஆனால் இலையும் குப்பையும் மக்கள்தொகையைத் திருப்பிவிடவில்லை. ஊர் இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பாக்கெட்டை மூன்று முறை கழுவியும் நல்லெண்ணெய் போகவில்லை. பணியாளர் வாங்கி முகர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு ஒரு தொட்டியைக் காட்டினார். மேலே ‘எப்படியும் எரித்தே தீர வேண்டியவை’ என்ற பலகை. கணக்கைப் பார்த்தேன்: செலவு.