இருபதாவது அட்டையின் விலை

கொடிகாமம் சந்தையிலே பலாப்பழம் வாங்குபவர் எவரும் பழத்தைத் தொட்டுப் பாராமல் காசை நீட்டுவதில்லை. தட்டி ஓசை கேட்பார்; முள்ளின் விரிவைப் பார்ப்பார்; முகர்ந்தும் பார்ப்பார்; அதன் பின்னரே விலை பேசுவார். தேங்காயாயின் காதருகே வைத்துக் குலுக்குவார். தென்மராட்சி மண்ணின் விளைபொருள்கள் வந்து குவியும் அவ்விடத்தில், பார்த்து வாங்குவதே முதற் பாடம். ஆனால் பெற்றோருடன் சந்தைக்கு வரும் சிறுவனின் கண், பலாப்பழத்தில் அன்று, கடையிலே தொங்கும் மூடிய பொதியிலேயே நிற்கும். உள்ளே இருக்கும் படமோ பொம்மையோ இன்னதென்று அவனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அங்கே விற்பனைப் பொருள்.

இவ்வாணிபம் நேற்று முளைத்ததன்று. சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த தடித்த அட்டையிலே படம் அச்சிடத் தொடங்கினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகையிலைக் கம்பனியார். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் துடுப்பாட்ட வீரர் ஐம்பதின்மரின் படங்களை வெளியிட்டது. அமெரிக்காவிலே பேஸ்போல் என்னும் பந்தாட்ட வீரரின் அட்டைகள் முதலிற் புகையிலையுடனும், பின்னர் சுவிங்கத்துடனும் விற்கப்பட்டன. அண்டை நாடாகிய இந்தியாவிலும் 'பிக் ஃபன்' சுவிங்கத்துடன் வந்த கிரிக்கெட் அட்டைகளை ஒரு தலைமுறைச் சிறுவர்கள் சேர்த்தனர். மென்ற சுவிங்கத்தைத் துப்பிவிடலாம். முழுத் தொகுதியையும் சேர்த்துவிட வேண்டுமென்ற ஆசையை அவ்வாறு துப்பிவிட முடியாது.

அந்த ஆசைக்கு என்ன விலை? ஒரு தொகுதியில் இருபது அட்டைகள் உள்ளன என்றும், ஒரு பொதியில் ஓர் அட்டை என்றும், எல்லா அட்டைகளும் சம எண்ணிக்கையில் அச்சிடப்பட்டன என்றும் கொள்வோம். முதற் பொதியில் எது கிடைத்தாலும் அது புதியதே. பத்து அட்டைகள் சேர்ந்த பின், புதியது கிடைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. பத்தொன்பது சேர்ந்து ஒன்று மட்டும் குறையும்போது, அவ்வாய்ப்பு இருபதில் ஒன்றே. ஆகவே அந்த இறுதி அட்டைக்காக மட்டும் சராசரி இருபது பொதிகள் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ எழுபத்திரண்டு பொதிகள் வரும். முதற் பத்து அட்டைகளுக்கு வேண்டியவை பதின்மூன்று பொதிகளே. எஞ்சிய பத்துக்கோ ஐம்பத்தெட்டுக்கு மேல். பொதி ஐம்பது ரூபா எனின், ஆயிரம் ரூபாவில் முடியுமென்று எண்ணிய காரியம் மூவாயிரத்து அறுநூறு ரூபாவை விழுங்கிவிடும். இதுவும் சராசரிக் கணக்கே. ஐம்பது பொதிகளில் முடிப்பாரும் உண்டு. நூறு கடந்தும் முடியாதாரும் உண்டு.

இத்தாலியின் பனினி நிறுவனம் 1970 முதல் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்துக்கென ஒட்டுப்படங்களை விற்று வருகிறது. 2018ஆம் ஆண்டுத் தொகுதியில் 682 படங்கள். ஒரே படம் இருமுறை வராதெனின் பிரித்தானியாவில் ஏறத்தாழ 110 பவுணுக்குள் அதனை நிரப்பிவிடலாம். ஆனால் எவருடனும் மாற்றிக்கொள்ளாமல் நிரப்பச் சராசரி 773 பவுணுக்கு மேற் செலவாகுமென்று காடிவ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போல் ஹாப்பர் கணித்துக் காட்டினார்.

சிறுவர் மனம் இக்கணக்கை ஏற்பதில்லை. "இவ்வளவு வாங்கியாயிற்று, அடுத்ததில் வந்தே தீரும்" என்று அது நம்பும். பொதிக்கோ நினைவு கிடையாது. முப்பது முறை ஏமாந்தவனுக்கும் இப்போதே வாங்குபவனுக்கும் குறித்த ஓர் அட்டை கிடைக்கும் வாய்ப்பு ஒன்றே. இடையிடையே கிடைக்கும் ஒரு நல்ல அட்டை, மீனுக்குத் தூண்டிலில் மாட்டிய இரை போன்றது. லொத்தர்ச் சீட்டு தன்னை லொத்தர் என்று கூறியே விற்கப்படுகிறது. 1963இல் தோன்றிய தேசிய லொத்தர் சபையின் பெயரிலேயே அது வெளிப்படை. மிட்டாயின் பின்னால் நிற்கும் அதிட்டமோ தன் பெயரைச் சொல்வதில்லை. வாங்குவோரும் பெரியவர்கள் அல்லர்.

"பழைய அட்டைகள் கோடிக்கணக்கில் விலைபோகின்றனவே!" என்று சிலர் கேட்பர். உண்மைதான். டொப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மான்டில் என்னும் வீரரின் அட்டையொன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. ஆனால் அவ்வரிசையில் விற்காது தேங்கிய பொதிகளை 1960இல் அந்நிறுவனமே அத்திலாந்திக் கடலிற் கொட்டியது. அட்டை அருகியமையாலும், அந்த ஒன்று பழுதுபடாது தப்பியமையாலும் பிறந்த விலை அது. விற்பவன் பொதிக்குள் வைக்கும் பொருளின் சராசரிப் பெறுமதி, வாங்குபவன் கொடுக்கும் காசிலும் குறைந்திருந்தாலன்றோ அவன் கடை நடக்கும்!

யப்பானில் 1950களின் தொடக்கத்திலே, மிட்டாயுடன் வந்த பேஸ்போல் அட்டைகளில் ஓர் அணியை முழுமையாகச் சேர்த்தவர்க்குப் பரிசு கொடுத்தனர். பல்வேறு அட்டைகளை ஒருங்கு சேர்த்தாற் பரிசு என்னும் இம்முறையைப் பிற்காலத்தில் அந்நாடு தடைசெய்தது. அவ்விதியையே 2012இல் கைத்தொலைபேசி விளையாட்டுகளுக்கும் பொருத்தியது. பணங்கொடுத்துத் திறக்கும் விளையாட்டுப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் முடிவு செய்தது. இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியிலும் அத்தகைய பெட்டிகள் உள்ளன. வெளிநாட்டிலிருந்து உறவினர் உழைத்து அனுப்பும் பணமும் ஒரு விரல் தொடுகையில் அங்கே கரையக்கூடும்.

ஆயினும் அட்டை சேர்ப்பதே தீதென்று கூறுவதற்கில்லை. விளையாட்டு வீரரின் பெயரையும் ஊரையும் சாதனையையும் மனத்திற் பதிக்கும் இனிய பொழுதுபோக்கு அது. செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. அது சந்தை கற்றுத்தரும் மற்றொரு பாடம். ஒரு வீட்டில் மிஞ்சிய பலாக்காய் மற்றொரு வீட்டுக் கறியாவது போல, ஒருவனிடம் இரட்டித்த அட்டை மற்றொருவனுக்குக் கிடைக்காத அட்டையாகலாம். வகுப்பிற் பத்துப் பேர் கூடி மாற்றிக்கொண்டால் பொதிகளின் தொகை பெரிதுங் குறையும். கடைசி இரண்டு மூன்று அட்டைகளுக்காகப் பொதி பிரித்துக்கொண்டிராமல், வைத்திருப்பவரிடம் பேசி வாங்குவதே சிக்கனம்.

பெற்றோர் வெறுமனே "வேண்டாம்" என்று தடுப்பதிலும், பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் செய்தல் நன்று. ஒன்று முதல் இருபது வரை எழுதிய கடதாசித் துண்டுகளை ஒரு முட்டியில் இட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போடச் சொல்லுங்கள். இருபது எண்களும் வரும்வரை எத்தனை முறை கையிட வேண்டியிருக்கிறது என்று பிள்ளையே எண்ணட்டும். அத்தொகையைப் பொதியின் விலையாற் பெருக்கவும் அவனிடமே பென்சிலைக் கொடுங்கள்.