பிறந்த நாட்டுக் கணக்கு

1939 ஜூன் மாத நிலவரப்படி, ஜெர்மன் ஒதுக்கீட்டில் அமெரிக்க விசா கேட்டுக் காத்திருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் யூதர்கள். ஆண்டுக்குக் கொடுக்கக்கூடிய விசா 27,370. வகுத்துப் பாருங்கள்: வரிசையின் கடைசி ஆளுக்கு முறை வரப் பதினோரு ஆண்டு. போர் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை.

அதென்ன 27,370? அமெரிக்கா 1924-இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது விடை. ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் என்று உச்சவரம்பு வைத்து, அதை நாடுவாரியாகப் பங்கு போட்டார்கள். 1920-இல் இருந்த அமெரிக்கர்களின் முன்னோர் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கணிக்க, 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடும்பப் பெயர்கள்வரை புள்ளியியலாளர்கள் தோண்டினார்கள். கறுப்பர்களையும் ஆசியர்களையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1929-இல் பட்டியல் நடைமுறைக்கு வந்தது: பிரிட்டனுக்கு 65,721, ஜெர்மனிக்கு 25,957, போலந்துக்கு 6,524, ஹங்கேரிக்கு வெறும் 869. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அதன் 1,413 ஜெர்மன் கணக்கில் சேர்ந்தது.

வசிக்கும் நாடு இதில் செல்லாது. பிறந்த நாடுதான் செல்லும். முப்பது வருடம் பெர்லினில் கடை நடத்தியவரானாலும், பிறந்தது வார்சா என்றால் போலந்து வரிசைக்குத்தான் போக வேண்டும். பிரிட்டனின் இடங்களில் பெரும்பகுதி வருடா வருடம் காலியாகவே கிடந்தது. அதை இன்னொரு நாட்டுக்குத் தர வழியில்லை, அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்கவும் வழியில்லை. (இந்தியாவுக்கும் 100 இடம் இருந்தது. ஆனால் இந்தியர்களுக்கு அல்ல, இந்தியாவில் பிறந்த வெள்ளையர்களுக்கு!) ‘அகதி’ என்றொரு வகையே அந்தச் சட்டத்தில் கிடையாது.

வரிசை எண் கிடைத்தாலும் போதாது. அரசுக்குப் பாரமாகக்கூடியவர் உள்ளே வரக் கூடாது என்ற பழைய விதியை, பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி 1930-இல் ஜனாதிபதி ஹூவரின் அரசு இறுக்கியது. நாஜிகளோ வெளியேறும் யூதர்களின் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். ஆகவே அமெரிக்காவில் யாராவது தம் வருமானக் கணக்கைக் காட்டிப் பொறுப்பேற்க வேண்டும். அதோடு போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, வெளியேறும் அனுமதி, கப்பல் டிக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு. கடைசித் தாள் கைக்கு வரும்போது முதல் தாள் காலாவதியாகி இருக்கும். இத்தனை பேர் காத்திருந்தும், நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மன் ஒதுக்கீடு முழுமையாக நிரம்பியது 1939-இல்தான்.

ஆன் ஃபிராங்கின் அப்பா ஓட்டோவும் இந்த வரிசையில் நின்றவர். 1938-இல் ராட்டர்டாமில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்தார். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ஊரை எரித்தபோது அந்தக் காகிதங்களும் எரிந்தன. 1941-இல், மேசிஸ் பேரங்காடியின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த தம் பழைய கல்லூரி நண்பருக்கு எழுதினார். அமெரிக்காவில் அவ்வளவு செல்வாக்குள்ள நண்பர் வேறு யாருக்கு வாய்க்கும்? அதற்குள் விதிகள் மாறின; ஜூலையில் நாஜிகள் வசமிருந்த பகுதிகளில் அமெரிக்கத் தூதரக அலுவலகங்களே மூடப்பட்டன.

இதில் அதிகாரிகளின் மனமும் கலந்திருந்தது. வெளியுறவுத் துறையில் விசாக்களைக் கவனித்த பிரெக்கின்ரிட்ஜ் லாங், விசாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும்படி தூதரகங்களுக்குச் சொன்னால் போதும் என்று 1940 ஜூனில் குறிப்பே எழுதினார். ஆனால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபமான தப்பித்தல். ஜெர்மனியில் யூதர்கள்மீது நடந்த 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில், யூதர்களை நாஜிகள் நடத்தும் விதத்தை 94 சதவீதம் அமெரிக்கர்கள் கண்டித்தார்கள். கூடுதல் யூதர்களை நாட்டுக்குள் விடலாமா என்றால், பத்தில் ஏழு பேர் கூடாது என்றார்கள். 20,000 குழந்தைகளை மட்டும் ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கக் கோரிய 1939 மசோதா, வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது.

1944 ஜனவரியில், நிதித் துறையின் இளம் அதிகாரிகள் கொடுத்த நெருக்குதலால் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போர் அகதிகள் வாரியத்தை அமைத்தார். ஆகஸ்டில் இத்தாலியிலிருந்து 982 அகதிகள் ஒதுக்கீட்டுக்கு வெளியே நியூயார்க் மாநிலத்தின் ஒஸ்வீகோவுக்கு வந்து இறங்கினார்கள். ‘ஜனாதிபதியின் விருந்தினர்’ என்று பெயர். போர் முடிந்ததும் திரும்பிவிடுவோம் என்று கையெழுத்து வாங்கி, பழைய ராணுவக் கோட்டையில் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். சட்டப்படி அவர்கள் அமெரிக்காவுக்குள் வரவே இல்லை!

போர் முடிந்து, தங்கலாம் என்று அடுத்த ஜனாதிபதி ட்ரூமன் அனுமதித்த பிறகும் அந்தச் சிக்கல் தீரவில்லை. விசாவை நாட்டுக்கு வெளியேதான் வாங்க வேண்டும். ஆகவே 1946 தொடக்கத்தில் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றி, நயாகரா அருவியருகே பாலத்தைக் கடந்து கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விசா கொடுத்தார்கள். பேருந்துகள் அதே பாலத்தில் திரும்பி வந்தன.